ஒரு கலம் எண்ணிய குரல்

கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்கு வெளியே நாங்கள் வேலை பார்க்கும் எடைமேடையில், தாமரைச்செல்வி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத லாரி ஓட்டுநர் ஒருவரும் இல்லை. காலியாக வரும் லாரியை ஒரு முறை நிறுத்தி எடை பார்ப்போம். நிலக்கரி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இன்னொரு முறை. இரண்டு முறையும் ஓட்டுநர் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பது விதி. வெயிலுக்குச் சோம்பல்பட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் ஜன்னல் வழியாக அக்காவின் குரல் வரும்.

"வண்டியத்தான் எடை போடுறேன், ஒங்கள இல்ல. எறங்குங்க கீழ."

எங்கள் மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. அவருக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவர், அதன் பிறகு நான். பதினோரு வருடமாக இதே ஏற்பாடு. வேலை கைமாறும் அந்த அரை மணி நேரத்தில் அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைத்திருந்தேன். ஊர் குரும்பகரம். அப்பா தெட்சிணாமூர்த்திக்குப் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நிலம். அவர் காலமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. அக்கா பி.காம். படித்தவர். மின்துறையில் வேலை பார்க்கும் சிவநாதனைக் கட்டிக்கொண்டு, ஒரு பெண்ணைப் பெற்று, செவிலியர் படிப்பில் சேர்த்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டில் கருவாடு இருந்தால் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வளவுதான் அவர் என்று முடிவுகட்டியிருந்த என் புத்தியை என்னவென்று சொல்வது!

என் பைத்தியம் வேறு. எனக்குக் 'கடைமடை' இசைக்குழு. காரைக்கால்காரர் கதிரவன் நாலு பேரைச் சேர்த்து 1995-இல் ஆரம்பித்தது. ராக் இசைதான், ஆனால் பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று தேடினால் அகப்படாது. ஒரு பாட்டு பதினான்கு நிமிடம் ஓடும். மின்கிதாருக்கு நடுவே பம்புசெட் சத்தம் வரும், மதகில் தண்ணீர் விழும் சத்தம் வரும். கேட்டுப் பழகாதவர்களுக்குத் தலைவலி. ஆனால் இன்றைக்குச் சென்னையில் கிதாரும் கையுமாகத் திரிகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். 2020-இல் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய பாட்டுகளிலேயே பேர் பெற்றது 'ஒரு கலம்'. களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது எண்ணுவது போல ஒரு இளம்பெண்ணின் குரல் ஆரம்பிக்கும். ஒரு மரக்காலை அள்ளிக் கொட்டி அடுத்தது விழும்வரை, கணக்கு விட்டுப்போகாமல் இருக்க அதே எண்ணைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சொல்வார்கள். பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். பன்னிரண்டு வரை அந்தக் குரல் ஏறி, மறுபடி முதலிலிருந்து வரும்போது பின்னால் டிரம்ஸ் சேர்ந்துகொள்ளும். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். யார் குரல் என்று கேசட்டில் போடவில்லை. பிற்பாடு வந்த சிடியில் 'பெயர் தெரியாத உழவர் பெண்' என்று போட்டிருந்தார்கள்.

எடைமேடையில் என் கைபேசியில் அந்தப் பாட்டைப் போடும்போதெல்லாம் அக்கா, "சத்தத்தக் கொறை தமிழு" என்பார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று குறைத்துவிடுவேன்.

போன வருடம் ஆவணியில் அறிவிப்பு வந்தது. 'கடைமடை'யின் இருபத்தைந்து ஆண்டு இசையும் பதினொரு சிடிகளில், ஒரு தடித்த புத்தகத்தோடு, ஒரே பெட்டியாக வருகிறது. புத்தகத்தைத் தயாரிப்பவர் நௌஷின் என்கிற பெண், காரைக்காலில் பிறந்து சென்னையில் வேலை பார்ப்பவர். 'ஒரு கலம்' பாட்டில் எண்ணும் பெண் யார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று அவர் இணையத்தில் கேட்டிருந்தார். இரண்டு மணிக்கு எடைமேடைக்குப் போனதும் இதை அக்காவிடம் அளந்தேன்.

"பொட்டி வருதுக்கா. அந்த எண்ணுற அம்மாவத் தேடுறாங்களாம். எங்கன்னு தேடுறது? அது இருக்கோ, போய்ச் சேர்ந்துருச்சோ."

அக்கா சீட்டைக் கிழித்து ஓட்டுநரிடம் நீட்டினார். நிமிரவே இல்லை.

"போய்ச் சேரல. இங்கதான் சீட்டுக் கிழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு."

நான் சிரித்தேன்.

"சிரிக்காத. பாட்டப் போடு, சத்தமா வையி."

வைத்தேன். எண்ணிக்கை ஒரு சுற்று முடிந்து டிரம்ஸ் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"களத்துல மொத மரக்கால ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னுதான் சொல்லுவாங்க. லாபம், ரெண்டு, மூணுன்னு போவும். அது இந்த மோளம் அடிக்கிற பயலுக்குத் தெரியல. நான் ஏதோ சாமியக் கும்புட்டு ஆரம்பிக்கிறேன்னு நெனச்சி, ரெண்டுங்கறப்ப அவன் ஒண்ணு அடிக்கிறான். கடைசிவரைக்கும் ஒண்ணு தள்ளியே ஓடுது பாரு. பதினோரு வருசமா நீ போடுறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது."

மறுபடி கேட்டேன். உண்மைதான். குரல் பன்னிரண்டில் நிற்கும்போது டிரம்ஸ் பதினொன்றில் இருந்தது. வெளியூர் டிரம்ஸ்காரர் புதுச்சேரி ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்த பிழை. இந்த இடைவெளியைப் பற்றி நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதி இணையத்தில் போட்டிருக்கிறேன். மனிதனுக்கும் காலத்துக்கும் நடுவே உள்ள விலகல் என்று அதற்கு விளக்கம் வேறு. அறுபத்து மூன்று பேர் பாராட்டியிருந்தார்கள். அன்று மாலையே அதை அழித்துவிட்டேன்.

அக்கா சொன்ன விவரம் இது. 1997 தை மாதம், சம்பா அறுவடை. அப்பா அளப்பார், அக்கா எண்ணுவார். வேறு யார் எண்ணினாலும் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், களத்தில் மட்டும் முழுப் பெயர். நெல்லுக்கு முன்னால் பாப்பா என்று சொன்னால் கணக்குக்கு மரியாதை இல்லையாம். அந்த வழியாகப் போன கதிரவன் குரலைக் கேட்டு நின்று, மறுநாள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். ஒரு காலைப்பொழுது முழுக்கப் பதிவு செய்தார்.

"கௌம்பறப்ப கேசட்டுல பேர எப்புடிப் போடுறதுன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அப்பா, பேரெல்லாம் போட வேணாம் தம்பின்னுட்டாரு. எனக்கு மாப்புள பாத்துக்கிட்டிருந்த நேரம். நானும் பேசாம இருந்துட்டேன்."

"இப்ப போடச் சொல்லுவோமாக்கா?"

அக்கா இரண்டு லாரிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

"போடணும் தமிழு. பேரு தெரியாத பொண்ணுன்னு அந்த சிடியில படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. பேரு இருக்கு. பள்ளிக்கொடத்துலயும் கல்யாணப் பத்திரிகையிலயும் தவுர எங்கயும் அச்சாவல, அவ்வளவுதான்."

நௌஷினை அழைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நாலு நாளில் சுரத்தில்லாமல் திரும்ப அழைத்தார். கதிரவன் சம்மதிக்கவில்லை. புத்தகம் அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் அவர் மனம் மாறினால் உண்டு, இல்லாவிட்டால் பழையபடி 'பெயர் தெரியாத' தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துக்கொண்டு காரைக்காலில் கதிரவன் வீட்டுக்குப் போனேன். கிதாரோடு மேடையில் பார்த்த மனிதர், வேட்டியும் கண்ணாடியுமாகக் கதவைத் திறந்தார். அக்காவைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை.

"வாங்க. தெட்சிணாமூர்த்தி அய்யா மூஞ்சி அப்புடியே இருக்கு."

"அப்பறம் ஏங்க பேரு தெரியாதுன்னு போட்டீங்க?" அக்கா உட்காராமலேயே கேட்டார்.

"தெரியும்னு போட்டா, சொல்லுன்னு கேப்பாங்க. பொய்தான். எனக்கு வேற வழி தெரியல." கதிரவன் குரலை உயர்த்தவில்லை. "களத்துல ஒங்க அப்பா என் கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாருங்க. கல்யாணம் ஆனதுக்கப்பறம் போடலாமான்னு கேட்டேன். எப்பவுமே என் பொண்ணு பேரு ஒங்க வாயிலேர்ந்து வரக்கூடாதுன்னாரு. சரின்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"அப்பா போயி பதினாலு வருசம் ஆச்சுங்க."

"அதான் சங்கடம். இருந்தா நேர்ல போயி நின்னு கேட்டுருப்பேன். போயிட்டவர்கிட்ட குடுத்த வாக்க யாருகிட்ட திருப்பிக் குடுக்குறது?"

"எங்கிட்ட குடுங்க. அது என் பேரு."

கதிரவன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது, பெரிய அரிச்சந்திரன் என்று. ஆனால் அந்த மனிதர் கண் கலங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு அது தணிந்துவிட்டது. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் அக்கா சொன்னார்.

"அப்பாவ நான் தப்பு சொல்லல தமிழு. ஆனா எண்ணச் சொன்னவரும் அவருதான், பேர மறைச்சவரும் அவருதான். எந்தப் பக்கம் கோவப்படுறதுன்னே தெரியல."

வியாழக்கிழமை மத்தியானம் நௌஷின் எனக்குப் போன் செய்தார். பெட்டியில் கடைசி சிடி, வெட்டி ஒட்டாத மூலப் பதிவுகளுக்கானது. அதற்காகக் கதிரவனின் டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். களத்தில் எடுத்த நாடாவில், பாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தை யாரும் கேட்டதே இல்லை. அதில் ஒரு இடத்தைக் கதிரவனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"சார் சம்மதிச்சுட்டாங்க. அக்காட்ட சொல்லிருங்க, பேரு வருது."

"என்னங்க இருந்துச்சு அதுல?"

"பொட்டி வரட்டும், அவங்களே கேக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

கார்த்திகை மழை விட்ட ஒரு நாள், எடைமேடைக்கே கூரியரில் பெட்டி வந்தது. எங்கள் மதிய உணவுக் கூடையைவிடக் கனம். அக்கா கைகழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் புத்தகத்தைத் திறந்தார். 'ஒரு கலம்' பாட்டின் பக்கம் எங்கே என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே நேராகப் போய்விட்டார்.

குரல்: தெ. தாமரைச்செல்வி, குரும்பகரம்.

அதன் கீழே சின்ன எழுத்தில் கதிரவன் பெயரோடு ஒரு குறிப்பு. 'இந்தப் பெயரை வெளியிட மாட்டேன் என்று அவருடைய தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கை மீறவில்லை. பதினொன்றாவது சிடியில் அவரே சொல்லியிருக்கிறார்.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தார்.

"அவரே சொல்லியிருக்காருன்னா, யாரு? அப்பாவா?"

சிடியைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. யாரிடம் இருக்கிறது இப்போது சிடி போடுகிற கருவி? என்னிடமே இல்லை. கேசட்டும் சிடியுமாக வாங்கி அடுக்கியிருக்கும் பெரிய ரசிகன் நான், கேட்பதெல்லாம் கைபேசியில். அப்போது மேடையில் நின்றிருந்தது ஜவஹர் அலியின் லாரி. அது ரொம்பப் பழைய வண்டி. விவரத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"நம்ம வண்டியில சிடி ஓடுங்க. ஏறச் சொல்லுங்க அக்காவ. என்னைய எத்தன தடவ எறங்கச் சொல்லியிருக்காங்க, இன்னிக்கி அவங்க ஏறட்டும்."

அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஜவஹர் அலி சிடியைப் போட்டுவிட்டு இறங்கி என்னோடு நின்றுகொண்டார். எங்கள் கணினித் திரையில் லாரியின் காலி எடை அறுபது கிலோ கூடிக் காட்டியது. பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்தன. நான் சீட்டு அடிக்கவில்லை.

நெல் சரியும் சத்தம். எங்கோ காக்கை. டிரம்ஸ் இல்லாமல், பதினெட்டு வயதுக் குரல் மட்டும் தனியாக. லாபம், ரெண்டு, மூணு என்று ஏறிப் போய்ப் பன்னெண்டில் நின்றது. மரக்காலைத் தட்டிக் கவிழ்க்கும் ஓசை. வெளியாள் யாரோ ஏதோ கேட்கிறார். பிறகு களத்தின் அந்தக் கோடியிலிருந்து, அளக்கிறவரின் உரத்த குரல்.

"தாமரைச்செல்வி! அடுத்த கலம். எண்ணும்மா!"

நாடாவில் இருந்த பெண் வாய் திறக்கும் முன்பே, லாரிக்குள் அக்கா, "இதோப்பா" என்றார்.