விண்வெளிப் படைக்கு ஓட்டையில்லாத தோல்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் வக்கார் அகமதுவுக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ். அவர் பாஸ் செய்த தோல் ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயருக்குச் சோதனையாகப் போன தை மாதம் ஓர் ஆர்டர் வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாடு புதிதாக விண்வெளிப் படை தொடங்கியிருந்தது. படை என்றால் பூட்ஸ் வேண்டும். இரண்டாயிரம் ஜோடி, இரண்டாம் தரத் தோல் போதும்.

வக்காருக்குப் போதவில்லை. ஜன்னலோர மேசையில் தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த இடத்தில் ஊசிமுனைப் புள்ளி. மற்ற நாளில் கண்டுகொள்ள மாட்டார். அன்று ரிஜெக்ட். மேலே விண்வெளியில் காற்று கிடையாது. பூட்ஸுக்குள் இருப்பதும் அந்தப் புள்ளி வழியாகப் போய்விட்டால் சிப்பாயின் கதி? எதிரி ஏவுகணை விட வேண்டியதில்லை. திமிரி ஊர்ப் பக்கத்து மாட்டு உண்ணி ஒன்று போதும்.

மூன்று நாளில் பத்துக்கு எட்டுத் தோல் கழிந்தது. தையல் பெண்களுக்கு வேலையில்லை.

"இன்னா பாய், தோல்ல நட்சத்திரம் எண்றீங்களா?" என்றாள் மிஷின்காரி பூங்குழலி.

"உனுக்கு இன்னாமா தெரியும். மேல ஒருத்தன் மூச்சு முட்டி செத்தா ஆம்பூர் பேருதான் கெடும்."

மேனேஜர் மூர்த்தி வந்தார். "பாய், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள தோல் கட்டிங்குக்குப் போவலன்னா இந்த டேபிளுக்கு வேற ஆளு. நீங்க வூட்ல ரெஸ்ட் எடுங்க."

"மொதல்ல அவங்களக் கேளுங்க சார், காத்து போனா பரவால்லியான்னு."

கேட்டார்கள். மறுநாள் மத்தியானம் பதிலாக ஒரு போட்டோ வந்தது. ஏசி ஹால், தரையில் கார்ப்பெட், கம்ப்யூட்டர் எதிரே முப்பது சிப்பாய்கள். அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வக்கார் வெகுநேரம் பார்த்தார். "சண்ட எங்க சார்?"

"இதான் சண்ட பாய். எதிரி சாட்டிலைட்டுக்கு சிக்னல் போவாம பண்றது, அவங்களுத எவனும் ஒடைக்காம பாத்துக்கிறது. எல்லாம் உக்காந்துகினேதான்."

"பின்னாடியாவது மேல போவாங்களா?"

"பின்னாடி ஆளே வாணாமாம். கம்ப்யூட்டரே பாத்துக்குமாம்."

"அப்ப பூட்ஸு?"

"பரேடுக்கு."

வக்கார் கழித்த குவியலைத் திரும்ப மேசைக்கு இழுத்தார். ஐந்து மணிக்குள் கடைசித் தோலும் கட்டிங்குக்குப் போயிற்று. மேசை அவருக்கே நின்றது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. மூர்த்தியின் போனை வாங்கி, போட்டோவைப் பெரிதாக்கி, முன்வரிசை நாற்காலி ஒன்றைக் காட்டினார். உட்காரும் இடத்தில் தோல் வெடித்திருந்தது.

"இத எவன் பாஸ் பண்ணான்? நாலாந்தரம் சார். கார்ப்பெட்ல பூட்ஸு இன்னா தேயப்போவுது? படைக்கு ஜாஸ்தி தேயறது இதான்."

பிறகு ஆர்டர் தாளில், தரம் பிரிப்பவர் குறிப்பு எழுதும் கட்டத்தில், முப்பத்தோரு வருடப் பொறுப்போடு எழுதிக் கையெழுத்திட்டார்: 'பூட்ஸ் சரி. நாற்காலி மாற்றவும்.'