அரபிக்கடலுக்கு மேலே சிக்னல்

விமானத்துக்குள் செல்போனை அனுமதித்த புதிது. துபாயில் நர்ஸாக இருந்த நான் சென்னைக்குப் பறந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர் மண்டபத்தூரில் அப்பாவை, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். "ஒன்ன பாக்கத்தான்க்கா மூச்ச புடிச்சிகிட்டு கெடக்குறாரு" என்று தம்பி அழுதிருந்தான். சாகிறவர்களை நிறையப் பார்த்தவள் நான். யாருக்காகவாவது காத்திருப்பார்கள் என்பது உண்மைதான். அது என் அப்பா என்றபோது அந்த அறிவு எதற்கும் உதவவில்லை.

போனை ஆன் செய்யலாம், விமானத்துக்குள்ளேயே சிக்னல் இருக்கிறது என்றாள் பணிப்பெண். இந்திய எல்லை வந்தால் நிறுத்திவிடுவார்களாம். ஆகாயத்துக்கும் வேலி போட்டுவிட்டார்களே என்று எரிச்சலாக வந்தது. அவசரமாகத் தம்பிக்கு மெசேஜ் அடித்தேன்: வந்துகொண்டிருக்கிறேன், அப்பாவிடம் சொல். பதில் வந்தது: சொல்லிட்டேன், அப்பா சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழவும் செய்தேன். கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

சென்னையில் இறங்கிக் கூப்பிட்டபோது அப்பா போய்விட்டிருந்தார். காரில் ஊருக்குப் போகும் வழியெல்லாம் வாய்விட்டு அழுதேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. பாதி வழியில்தான் தம்பி நடந்ததைப் போனில் விட்டு விட்டுச் சொன்னான்.

எங்கள் ஊரில் படகு கடலுக்குள் தள்ளிப் போய்விட்டால் போன் ஊமை. திரும்பும்போது, டவர் எட்டும் இடத்துக்கு வந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். போன் அடித்ததும் அம்மா உலை வைப்பாள். சோறு வடிப்பதற்குள் அப்பா வாசலில் நிற்பார். அது தப்பியதே இல்லை.

தம்பி மெசேஜைப் படித்ததும் அப்பா, "சிக்னல் கெடச்சிடுச்சா? அப்ப கரைக்கு வந்துட்டா" என்றிருக்கிறார். யாரும் மறுக்கவில்லை. அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அம்மா எழுந்துபோய் உலையே வைத்துவிட்டாள். நானோ அப்போது நடுக்கடலுக்கு மேலே ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கார் நின்றதும் அம்மா ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்துப் போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார வைத்தாள்.

"பாப்பா வந்த ஒடனே எழுப்பி விடுன்னுட்டு நிம்மதியா கண்ண மூடுனாருடி. நீதான் வந்துட்டியே, எழுப்பு."