முட்டை அட்டைத் தியேட்டர்

என் அக்கா வீட்டுக்காரர் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. மாமாவுக்குத் தொழில் சினிமா போஸ்டர் ஒட்டுவது. ஏணியும் மைதாப் பசை வாளியுமாக ஊரெல்லாம் சுற்றுகிற மனுஷன். அவர் ஒட்டினால் மழைக்குக்கூட அசையாது. அதில் அவருக்கு இருக்கிற கர்வத்தை ஒட்ட ஒரு சுவர் போதாது.

அடுத்தவன் படத்தை ஒட்டியே ஆயுசு போய்விட்டது, இனி நம் வீட்டிலேயே தியேட்டர் என்று ஒருநாள் பழைய புரொஜெக்டரையும் ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இருப்பதோ மூன்றாம் மாடியில் வாடகை வீடு. அதில் வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்று. அங்கேதான் ஜன்னலோரம் அக்காவின் தையல் மெஷின் இருந்தது. பேன்ட் மடிப்பு, ஜிப் மாற்றுவது என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் முதல்முதலாக ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை கவுன் வந்திருந்தது. இது நன்றாக அமைந்துவிட்டால் இனிக் கிழிசல் தைக்க வேண்டியதில்லை என்று அதையே நம்பியிருந்தாள்.

"ஹால்ல உக்காந்து தைச்சா என்ன, குடியா முழுகிடப் போகுது?" என்றார் மாமா.

அக்கா ஹாலில் ஃபிரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே மெஷினைத் திணித்துக்கொண்டாள். அங்கே அவள் தலை நிழலே துணி மேல் விழும். ஊசி கோக்க ஒவ்வொரு தடவையும் கீழ்வீட்டில் குடியிருக்கிற என்னைக் கூப்பிட்டாள். கவுனை மட்டும், வேறு இடமில்லாமல், அந்த அறை அலமாரியிலேயே மாட்டி வைத்தாள்.

மாமா ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்தார். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டையாம். பேக்கரிக்காரன் குப்பையில் போட்டதையெல்லாம் அள்ளி வந்திருந்தார். சிலதில் மஞ்சள் கரு வழிந்து காய்ந்திருந்தது. சீ, கருமம். வீட்டுக்காரம்மா ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எல்லாவற்றையும் பசையில் ஒட்டினார்.

"கரப்பான் வரும் மாமா" என்றேன்.

"ஒட்டுறதைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா நீ?"

தெருவில் ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவருக்கு, அந்தப் பசையை அப்புறம் எது வந்து தின்கிறது என்று தெரியவா போகிறது? மூடிய அறையில் மைதா புளித்து நாறியது. காய்ந்தால் சரியாகிவிடும் என்றார்.

முதல் காட்சி ஞாயிற்றுக்கிழமை மதியம். கவுனை மறுநாள் கொடுக்க வேண்டும். அக்கா வரமாட்டேன் என்றதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பிடித்து உட்கார வைத்தார். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கதாநாயகி கன்னத்தில் ஒரு கரப்பான் நடந்தது. நெற்றியில் இன்னொன்று. ஃபோன் லைட்டைச் சுவரில் அடித்தேன். குழிக்குக் குழி மீசை ஆடியது. என் காலில் ஏறியதை உதறுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

அக்கா அலமாரிக்கு ஓடினாள். கஞ்சி போட்ட லேஸை ஓரமெல்லாம் அரித்திருந்தன. வெள்ளைத் துணியில் மிளகுத்தூள் தூவினாற்போல் அதுகளின் எச்சம். மாமாவோ ஸ்பீக்கர் முன்னால் மண்டி போட்டுக்கொண்டு, "உள்ள பூந்துடுச்சான்னு கொஞ்சம் லைட்டைக் காட்டு" என்றார். கட்டின புருஷன் இவர். கரப்பானே தேவலை என்று எனக்கு ஆகிவிட்டது.

அக்கா அந்தக் கறுப்புத் துணியை ஒரே இழுப்பாகப் பிடுங்கி எறிந்தாள். அறை முழுக்க வெயில் விழுந்தது. மெஷினை ஹாலிலிருந்து தரதரவென்று இழுத்து வந்தாள். குறுக்கே நின்ற ஸ்பீக்கரைக் காலால் தள்ளி, பழைய இடத்திலேயே மெஷினைப் போட்டாள். அரித்த லேஸைக் கத்தரித்து வீசிவிட்டுப் புது லேஸை எடுத்து வைத்துக்கொண்டாள். ஊசியைக் கோக்க நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். தரவில்லை.

"இவ்வளவு வெளிச்சத்துல படம் ஒண்ணுமே தெரியலையே" என்றார் மாமா.

"எனக்கு ஊசிக் காது தெரியுது" என்றாள் அக்கா.