மாத்திரையைப் பங்கு போட்டவர்

பட்டாளத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘பங்கு’. அவர் சமையல்காரராக இருந்தவர் என்று சிலர் சொல்வதுண்டு, அது சரியல்ல. ஒரு நாளும் அவர் அடுப்புப் பக்கம் போனதில்லை. லாரியில் வந்து இறங்கும் உணவுப் பொருளை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. ரொட்டியை நூல் வைத்து அறுப்பார். கத்தி வைத்தால் ஓரம் நசுங்கும், நசுங்கிய துண்டு சின்னதாகத் தெரியும், சின்னதாகத் தெரிந்தால் சண்டை வரும் என்பது அவர் கண்ட ஞானம்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் அவரை விடவில்லை. வீட்டில் ஓர் ஆப்பிளை நறுக்கினாலும் இரண்டு பாதிகளையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை மனைவியிடம் நீட்டுவார்.

“சண்டை போட்டாக்கூட நீ பாதி பேசு, நான் பாதி பேசுறேன்னு சொல்லுவார்” என்பார் அந்த அம்மா. “என் பாதியிலயே பொழுது விடிஞ்சுடும். அவர் பாதிக்கு முறையே வராது.”

இப்படிப்பட்டவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் வந்தது. சொல்லி வைத்தாற்போல அதே நோய் டிரைவருக்கும் வந்தது. டிரைவர் என்பவர் அந்த நாளில் பங்குவின் சாமான் லாரியை ஓட்டியவர். வயதில் இளையவர், மனைவி போன பிறகு மகள் வீட்டில், பங்கு வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

“அண்ணன் எதையும் தனியா வச்சுக்க மாட்டாருன்னு தெரியும். அதுக்காக இதுலயுமா பாதி தரணும்?” என்று டிரைவர் சொன்னபோது முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடமே சிரித்ததாம்.

அந்த மருத்துவமனையில் நான் பதிவறையில் இருந்தேன். நான் நேரில் பார்த்தது இதில் கொஞ்சம்தான். மீதி, ஆராய்ச்சிப் பிரிவு சிஸ்டரும் பங்குவும் அவர் மனைவியும் பிறகு சொன்னது. மூவர் சொன்னதும் ஒன்றோடொன்று முரண்படாத இடங்களை மட்டுமே எழுதுகிறேன்.

ஆராய்ச்சிப் பிரிவு என்பது இரண்டாம் மாடியில் ஜன்னலோரமாக ஓர் அறை. புதிய மருந்துகள் பலன் தருகின்றனவா என்று, சம்மதிக்கும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது அங்கேதான். நண்பர்கள் இருவரும் சேர்ந்தே போய் உட்கார்ந்தார்கள். சிஸ்டர் பொறுமையாக விளக்கினார்.

“வழக்கமான சிகிச்சை ரெண்டு பேருக்கும் உண்டுங்கய்யா. அது போக தினம் ஒரு மாத்திரை. சிலருக்குப் புது மருந்து வரும். சிலருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற, மருந்தில்லாத மாத்திரை வரும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.”

“அப்போ எங்கள்ல ஒருத்தனுக்கு வெறும் மாத்திரையா?” என்றார் பங்கு.

“அப்படின்னு இல்லை. ரெண்டு பேருக்குமே மருந்தா இருக்கலாம். ரெண்டு பேருக்குமே வெறும் மாத்திரையாவும் இருக்கலாம்.”

“இது என்ன பிரிவினை சிஸ்டர்?”

“அதாங்கய்யா ஆராய்ச்சி.”

டிரைவர் உடனே கையெழுத்துப் போட்டார். பங்கு எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டார். ஆளுக்கொரு பாட்டிலோடு பஸ் ஏறினார்கள். பஸ் நகர்வதற்குள் பங்கு தீர்மானித்துவிட்டார்.

“டேய், எனக்கு நல்லது வந்து உனக்கு வெறும் மாத்திரை வந்தா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் பக்கத்துல உட்காருவேன்?”

“இதே மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். வேற எது இருக்கு உங்ககிட்ட?”

“விளையாடாத. வீட்டுக்கு வா.”

வீட்டில் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் துடைத்து, இரண்டு பாட்டிலையும் அதில் கவிழ்த்தார். நன்றாகக் குலுக்கினார். பிறகு உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எடுத்து இரண்டு பாட்டிலையும் நிரப்பினார். ஒவ்வொரு மாதமும் புதுப் பாட்டில் வந்ததும், மனைவி வெளியே போன நேரமாகப் பார்த்து இது நடந்தது. மிச்சமான மாத்திரைகளைத் திருப்பித் தரும்போது எண்ணிக்கை துளியும் பிசகாது. “உங்க ரெண்டு பேரை மாதிரி ஒழுங்கா இருக்கிறவங்க இந்தப் பிரிவுலயே கிடையாது” என்று சிஸ்டர் பாராட்டுவார். இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்து பாராட்டை வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போன மனைவி பை மறந்து திரும்பி வந்தார். டிரைவர் தன் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்; பங்குவின் கையில் டப்பா குலுங்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க இது?”

பங்குவுக்குப் பொய் வராது. சொன்னார்.

“அட ராமா! மருந்தையுமா பங்கு போடுவீங்க?” அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பொண்ணு உங்களை நம்பி எழுதிக்கிட்டு இருக்கு. நாளைக்கே போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அதுல பாதி கிடையாது, முழுசா சொல்லுவேன்.”

“சொன்னா டிரைவரையும் வெளியே அனுப்பிடுவாங்கடி.”

இதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். டிரைவருக்கு நோய் சற்று முற்றியிருந்தது. வழக்கமான மருந்து கை கொடுக்காவிட்டால் அடுத்து என்ன என்று டாக்டரம்மாவே தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஒரு பாட்டிலை நம்பித்தான் அவர் மகளிடம் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டிலைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டோமோ என்று பங்குவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை, டிரைவரிடம் சொல்லாமல் தனியாக இரண்டாம் மாடிக்கு ஏறினார். கதவைத் தட்டி, அட்டென்ஷனில் நின்றார்.

“சிஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு. ரெண்டு பாட்டிலையும் கலந்தது நான். டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது. அவன் வீட்டுக்கு வரும்போது அவன் பையிலேர்ந்து எடுத்துக் கலந்துட்டேன். என்னை நீக்கிடுங்க. அவனை விட்டுடுங்க.”

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்படியா? கொஞ்சம் முன்னாடி டிரைவர் ஐயா வந்தாரு. உங்க வீட்டம்மா ராத்திரி அவர் மகளுக்குப் போன் பண்ணினாங்களாம். கலந்தது அவர்தானாம். உங்க பையிலேர்ந்து எடுத்தாராம். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாம்.”

“அவனா? அவனுக்குப் பாட்டில் மூடியைத் திறக்கவே தெரியாதே சிஸ்டர்! நான்தான் திறந்து குடுக்கணும்!”

தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏன்ணே மானத்தை வாங்குறீங்க?”

சிஸ்டர் அவரையும் வரச் சொன்னார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். அதுவரை அடக்கிவைத்த சிரிப்பு இப்போது அவர் முகத்தில் இல்லை.

“ரெண்டு பேருமா சேர்ந்து அரைக் கிணறு தாண்டியிருக்கீங்க. ஒருவேளை ஒருத்தருக்கு மருந்து வந்திருந்தா, அவருக்கும் பாதிதான் போயிருக்கு, இன்னொருத்தருக்கும் பாதிதான் போயிருக்கு. அது ரெண்டு பேருக்கும் பத்தாது. அதைப் பார்த்துட்டு மருந்தே வேலை செய்யலைன்னு நாங்க எழுதினா, நல்ல மருந்தை மூட்டை கட்டி மூலையில போட்டுடுவாங்க. எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

பங்கு டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார். “இவனை வெளியே அனுப்பிடுவீங்களா?”

“அது என் கையில இல்லைங்கய்யா. ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற குழுவுக்கு டாக்டரம்மா எழுதணும். மறைக்க முடியாது.”

பதில் வரும்வரை மாத்திரை நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் பங்கு வீட்டில் ஆப்பிள் நறுக்கப்படவே இல்லை. மனைவி முழுசாகக் கடித்துச் சாப்பிட்டார். டிரைவர் வழக்கம்போல மாலையில் வந்து, “விடுங்கண்ணே, நீங்க தராட்டி நான் பிடுங்கியிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போவார். அது பங்குவுக்கு ஆறுதலாக இல்லை.

பதில் வந்தது. நடந்த பிழையை அப்படியே எழுதி வைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான மாற்றம் எதுவும் இல்லாததால் இருவரும் தொடரலாம். ஆனால் இனி இருவரும் ஒரே நாளில் மருந்து வாங்க வரக் கூடாது. ஒருவர் பாட்டில் இன்னொருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. சிஸ்டர் சொல்லி முடித்ததும் பங்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அடுத்த முறை டிரைவருக்குத் திங்கள், பங்குவுக்குச் செவ்வாய். செவ்வாய்க்கிழமை பங்கு தன் பாட்டிலோடு கீழே இறங்கியபோது, வாசலுக்கு வெளியே காவலாளியின் ஸ்டூலில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். மேலே ஜன்னலில் பார்த்துவிட்ட சிஸ்டர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

“டிரைவர் ஐயா! இன்னைக்கு நீங்க வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“உள்ளே வரலையே சிஸ்டர். கோட்டுக்கு வெளியதானே இருக்கேன்?”

“உங்க பாட்டில் எங்க?”

“மக பூட்டி வச்சிருக்கா. சாவி அவ கழுத்துல.” இரண்டு சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். “அண்ணனுக்குத் தனியா பஸ் ஏறத் தெரியாது. ஏத்திவிட வந்தேன்.”

“எனக்கா தெரியாது?” என்றார் பங்கு.

“போன தடவை தப்பான பஸ்ல ஏறி டிப்போ வரைக்கும் போனது யாரு?”

“ஓட்டுனவன் உன்னை மாதிரி ஒருத்தன். அவனுக்கே வழி தெரியலை.”

சிஸ்டர் பங்குவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, அவர் கையிலேயே திருப்பி வைத்தார். “இது உங்களோடது. முழுசும் உங்களோடது. சரியா?”

“சரி” என்றார் பங்கு. ஆனால் அந்தச் சொல் அவருக்குச் சுலபமாக வரவில்லை. பாட்டிலைப் பையின் அடியில், துண்டுக்குக் கீழே, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாதபடி வைத்துக்கொண்டார். இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கிச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள்.