எட்டுப் பெண்களும் இரவல் உருமியும்

சுங்கை காடுட் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்ததும் உருமி அடிக்கப் போகிற பெண்கள் நாங்கள் எட்டுப் பேர். எங்களைச் சேர்த்தவர் என் அண்ணி. பெண்களுக்கு எதற்கு உருமி என்று சிலர் கேட்டார்கள். அண்ணி அடுத்த வாரம் இன்னும் சத்தமாக அடித்தார்.

ஒரே குறை, மேளங்கள் எங்களுடையவை அல்ல. கோயிலில் வாசிக்கும் ஆண்கள் குழு இரவல் கொடுத்தவை. வருகிற திருவிழாவுக்கு அவற்றை வாங்கிக்கொண்டால் மறுபடி இரவல் தரமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான், நகரத்துச் சின்னக் கலைக்குழுக்களுக்கு மானியம் தருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. விண்ணப்பித்தோம். கிடைத்தால் சொந்த மேளம். இல்லாவிட்டால் குழுவே இல்லை.

குழுவை நேரில் பார்க்க மானிய அதிகாரி வருகிறார் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பெரிய துரை வருகிறார் என்றால் லயத்து வீடுகளைக் கூட்டி, சாமான்களையெல்லாம் கண்ணில் படாமல் எடுத்துவைத்து, தலைவாரி வரிசையாக நிற்போம். தோட்டம் போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாங்கள் பயிற்சி செய்யும் தெமியாங் மண்டபத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மேளங்களைப் பின்னறையில் அடுக்கி, பூட்டை மாட்டி அழுத்தினேன். வடை சுட்டு, ஒரு வாளி நிறைய சிராப் பானம் கலக்கி, எட்டுப் பேரும் நல்ல சேலையில் நின்றோம்.

வந்தவர் ஒரு மலாய்க்கார அம்மா. வடை தின்றார், சிரித்தார், சுற்றிப் பார்த்தார். பிறகு, "மானா கெண்டாங்?" என்றார். மேளம் எங்கே என்று கேட்கிறார்!

சாவி மண்டபக் காவலாளியிடம். அவரோ போர்ட்டிக்சனில் ஒரு கல்யாணத்தில்.

"யாரு பூட்டுனது?" என்றார் அண்ணி.

"நான்தான் அண்ணி. அதிகாரி வர்றாங்களே, எடம் சுத்தமா இருக்கட்டும்னு..."

"மேளத்தப் பாக்கத்தானே லா வந்திருக்காங்க!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அண்ணி என்னைத் திட்டி நேரத்தை வீணாக்கவில்லை. சிராப் வாளியைக் காலி செய்து கவிழ்த்தார். ஒருத்திக்கு வடைச்சட்டி, இன்னொருத்திக்கு பிளாஸ்டிக் நாற்காலி, எனக்கு பிஸ்கட் டின். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியில் முதல் அடி அடித்தார். அவ்வளவுதான். எட்டுப் பேரில் ஒருத்தியும் தாளம் தப்பவில்லை. எதிர்க்கடை மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து வாசலில் நின்றார். அதிகாரி அம்மாவின் கால் தன்னால் தட்டியது. எனக்கு எங்களை நினைத்து அப்படியொரு பெருமை. பூட்டியவள் நான் என்பதே மறந்துபோனது.

மானியம் கிடைத்தது. புது உருமியும் பம்பையும் தப்பும் வந்து இறங்கிய அன்றே, இரவல் மேளங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கோயிலுக்குக் கொண்டுபோனோம். அந்த ஆண்கள் குழுவின் தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாங்க கேக்கவே இல்லியேக்கா. திருவிழாவுக்கு இன்னும் நாளு இருக்கு. வச்சுக்குங்க லா."

"வேணாம் தம்பி," என்றார் அண்ணி. "எங்களுக்குச் சொந்தமா இருக்கு."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு.