வெந்நீரில் போட்ட கைடு

அன்று நான் பேசாமல் இருந்திருந்தால், ஒருவருடைய கீழ் உதடு ஆயுசுக்கும் மரத்துப்போயிருக்கலாம்.

மைசூரில் ஒரு பல் கிளினிக்கில் எனக்கு ஆயா வேலை. படிப்பு ஐந்தாவது வரை. சாமான்களைக் கழுவிக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் டாக்டரம்மா, தாடை எலும்பில் ஸ்க்ரூ இறக்கிப் பல் கட்டும் இம்ப்ளான்ட் வேலையை ஆரம்பித்தார். முதலில் பெங்களூரில் ஸ்கேன். எலும்புக்குள், கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடும் இடத்தைக் கம்ப்யூட்டர் காட்டும். அந்த அளவுப்படி, பற்கள்மேல் தொப்பி மாதிரி உட்காரும் பிளாஸ்டிக் கைடு ஒன்று செய்து வரும். அதிலுள்ள ஓட்டை வழியாகத்தான் டிரில் இறங்க வேண்டும்.

"ருக்கம்மா, இதை மருந்துத் தண்ணியில மட்டும் ஊறப்போடுங்க" என்றார் டாக்டரம்மா. இன்னும் சுத்தமாகட்டும் என்று நான் முதலில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எடுத்து, நோயாளியின் பல் அச்சில் வைத்துப் பார்த்தால், சூட்டில் வளைந்துபோய் ஆடியது. அழுத்தினால் உட்கார்ந்தது, விட்டால் ஓர் ஓரம் எழும்பியது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மருந்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஹனூர் பஸ் கண்டக்டர் ஒருவர் நாற்காலியில் இருந்தார்.

"டாக்டரம்மா, விசிலடிக்கிற வாயிங்க. பாத்துப் பண்ணுங்க."

"கம்ப்யூட்டரே வழி போட்டுக் கொடுத்திருக்கு. நரம்புக்கு ரெண்டு மில்லிமீட்டர் மேலயே நின்னுடுவேன். சும்மா படுங்க சார்."

ஊசி போட்டு வாய் மரத்தது. டாக்டரம்மா கைடை விரலால் அழுத்திப் பிடித்தார். உட்கார்ந்துவிட்டது. டிரில்லைக் கையில் எடுத்தார். நான் குறுக்கே போனேன்.

"மேடம், அதை நான் கொதிக்க வெச்சுட்டேன்."

"ஏனு? என்ன சொன்னீங்க?"

அழுத்திய விரலை எடுத்தார். ஓரம் எழும்பியது. டிரில்லைக் கீழே வைத்துவிட்டார்.

கண்டக்டர் மரத்த வாயோடு, "ஏனுங்க, வண்டிய ஸ்டாண்டுலயே நிறுத்திப்போட்டீங்க?" என்றார்.

அவரை அனுப்பிவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "நேத்தே ஏன் சொல்லல?"

"திட்டுவீங்கன்னு மேடம்."

"இப்ப மட்டும் திட்டாம விடுவேனா?"

நன்றாகவே திட்டினார். பிறகு புது கைடு வந்தது, ஸ்க்ரூ சரியான இடத்தில் இறங்கியது. கண்டக்டர் உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கம்ப்யூட்டர் போட்ட அளவு தப்பவில்லை. அதற்குப் பிறகு என் கையில் நடந்தது அதற்குத் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும், டிரில் சுற்றுவதற்கு முன்னால்.