கழுவாத சென்சாருடன் அயனம்பாக்கம் ஏரிக்கு

கடலில் சென்சார் போட்டுத் தகவல் சேகரிக்கும் நான்கு சிறு குழுக்களைச் சேர்ந்த நாங்கள், போன ஜனவரியில் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கூடினோம். ஒரே கடலை இத்தனை நாள் ஆளுக்கொரு விதமாக அளந்துகொண்டிருந்தோம். எல்லோருக்கும் பொதுவான நடைமுறையை எழுதிவிடுவதுதான் திட்டம். நான் நாகப்பட்டினத்திலிருந்து போனேன். கோயம்பேட்டில் பூந்தமல்லி பஸ் ஏறினால் எட்டொன்பது கிலோமீட்டர்தான். காலை நெரிசலில் முக்கால் மணி நேரம் பிடித்தது.

முதல் நாள், தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து வந்திருந்த செல்வி டீச்சர் தன் பதிவுகளைத் திரையில் காட்டினார். ஒரு கோடையில் அவர் ஊர்க் கரையில் மீன்கள் கூட்டமாகச் செத்து ஒதுங்கியிருக்கின்றன. அப்போது அந்தக் கடலுக்குள் இருந்தது அவருடைய ஆக்சிஜன் சென்சார் ஒன்றுதான். மீன் ஒதுங்குவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே திரையில் கோடு சரிந்துகொண்டு வந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

“வெளியில எடுத்ததும் புது சென்சாரோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா?” என்று புதுச்சேரியிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் கேட்டார்.

டீச்சர் திரையிலிருந்து திரும்பினார். “பாசியும் சிப்பியுமா அப்பிக் கிடந்துச்சு சார். அப்படியே லேபுக்குக் கொண்டுவர மனசு வரல. போட்லயே பளிச்சுன்னு தேய்ச்சுல்லா எடுத்தோம்.”

பாசி படிந்த சென்சார் ஆக்சிஜனைத் தப்பாகக் காட்டும். தேய்க்கும் முன் புதுசோடு ஒப்பிட்டிருந்தால் எவ்வளவு தப்பு என்று தெரிந்திருக்கும். ஆக்சிஜன் கடலிலேயே குறைந்ததா, வெறும் கருவியின் கோளாறா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கோடைக்கு வேறு சாட்சியும் இல்லை. அன்று மதியம் கேன்டீனில் நல்ல சாம்பார் சாதம்; டீச்சர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை, லேப் இல்லாத இடத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியுமா என்று பார்க்க அயனம்பாக்கம் ஏரிக்குக் கிளம்பினோம். நண்பர் கொண்டுவந்திருந்த பாசி பிடித்த சென்சாரை ஈரத்துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்தோம். ஓட்டுநர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இன்னா சார் இது, கருவாடா?”

“கடல் மிஷின்ணே” என்றேன்.

“பீச்சு அந்தாண்ட கீது, நீ ஏரிக்கு எத்துனு போற. கயுவியாவது எத்தாந்திருக்கலாம்ல?”

“கழுவித்தான் கெட்டோம் அண்ணாச்சி” என்றார் டீச்சர். சிரிக்கவில்லை.

ஏரித் தண்ணீரை வாளியில் மொண்டு, புது சென்சாரையும் பாசி பிடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பழையது குறைத்தே காட்டியது. டீச்சரே பல் தேய்க்கும் பிரஷால் பாசியைச் சுரண்டி மறுபடி உள்ளே வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதானா!” என்று வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை எழுதி முடித்த நடைமுறையில் முதல் விதி அவருடையது: ஒப்பிடும் முன் கழுவக் கூடாது. அசல் பதிவை அழிக்கக் கூடாது, நேரம் எந்த நாட்டு நேரம் என்று குறிக்க வேண்டும் என்பதெல்லாம் அடுத்தடுத்து வந்தன. நீங்கள் இதே வேலையாகக் கருவியோடு பயணம் செய்தால் ஈரத்துணியும் மூடியுள்ள வாளியும் அவசியம். காலை எட்டுக்கு முன்பே பூந்தமல்லி சாலையைக் கடந்துவிடுங்கள்.

பஸ் நிறுத்தத்தில், அந்தக் கோடையில் மீன் ஏன் செத்தது என்று ஊர் மீனவர்கள் கேட்டால் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன்.

“தெரியலன்னுதான் சொல்லணும்” என்றார்.

“அடுத்த தடவை கண்டிப்பா சொல்லிரலாம் டீச்சர்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதுக்கு இன்னொரு தடவை மீன் சாகணுமே சார்.”